சைக்கிள்காரர்களுக்கு ஒரு குளியலறை

இப்ராஹிம் வளாகத்துக்கு மாடி நான்குதான். மேனேஜர் சோமசேகரன் சொல்லிக் கேட்டால் மட்டும் அது நாற்பதாகிவிடும். மொட்டைமாடியில் ஏறி நின்றால் நடுக்கடலில் போகிற கப்பலில் இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்த்துவிடலாம் என்பார். லிஃப்ட் உண்டு. மாங்கனித் திருவிழா மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை அது புறப்பாடு காணும். மற்ற நாளெல்லாம் துடைப்பமும் வாளியும் அதில் குடியிருந்தன.

கீழ்த்தளம் பூராவும் வண்டி நிறுத்துமிடம். காலை ஒன்பதே முக்காலுக்கு உள்ளே பார்த்தால் வண்டிகளுக்கு நடுவே கொசு பறக்க வழியிருக்காது. நடுவில் நிற்கிற ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் பதினேழை நகர்த்த வேண்டும். கல்யாணமான புதிதில் அங்கே வண்டியை விட்ட ஒருத்தர் அதை வெளியே எடுப்பதற்குள் முதல் பிள்ளைக்குக் காதுகுத்து வந்துவிட்டதாகக் காரைக்காலில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் சோமசேகரன்தான்.

வண்டிகளைத் தாண்டிப் பின்சுவரோரம் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. கட்டடம் எழும்பிய வருஷம் முதலாளி முகம்மது இப்ராஹிம் சாவியைக் கையில் கொடுத்து, "நீ இருக்கிற வரைக்கும் இது ஒன் வூடு சோமு" என்று சொல்லியிருந்தார். எழுத்து ஒன்றும் இல்லை. அவர் வாய்ச்சொல் அந்த நாளில் பத்திரத்தைவிடக் கெட்டி. இப்ராஹிம் மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. மகன் நஸ்ருதீன் சிங்கப்பூரில் இருந்தபடியே கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்வது என்றால் போனில் பார்ப்பது.

அந்த இரண்டு அறையில் ஒன்று இப்போது ஒழித்து வைக்கப்பட்டிருந்தது. கோட்டுச்சேரியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் விஷ்ணுப்ரியா ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அம்மா சந்திரலேகா இருபத்தெட்டு வருஷம் காத்திருந்த காரியம் இது. பழைய வேட்டிகளைக் கிழித்து அலசி மடித்து வைத்தாயிற்று. சுக்கும் திப்பிலியும் கண்டந்திப்பிலியும் டப்பாவில் ஏறியாயிற்று. பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம். வலி எடுத்தால் பெண்ணை நடத்தியே கூட்டிப்போய்விடலாம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சமையல்கட்டில் ஆணியடித்து மாட்டிய காலண்டரில் டாக்டர் நாள் குறித்துக் கொடுத்த கார்த்திகை ஏழாம் தேதியைச் சிவப்பில் வளைத்திருந்தாள்.

இந்த நிம்மதியில்தான் செப்டம்பரில் ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது.

மூன்றாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் இருப்பது வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்கிற கம்பெனி. அறுபது பேர். அந்தக் கம்பெனியின் தலைமையகம் புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறது. வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது சொந்த வண்டி இல்லாமல் வருகிற கட்டடமாக இருந்தால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களாம். அக்டோபர் முழுக்கக் கவனிப்பார்கள். தேறாவிட்டால் திருச்சிக்குப் போய்விடுவார்கள்.

"ஆளுக்கொரு வண்டின்னு வர்றத நிப்பாட்டணும்ணே," என்றார் நஸ்ருதீன். "பஸ்ல வரட்டும், சைக்கிள்ல வரட்டும், நடந்து வரட்டும். இங்கெல்லாம் பில்டிங் மேனேஜருதான் இத எடுத்துச் சொல்லிச் செய்ய வைக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. தெனமும் பத்து மணிக்கு வண்டி நிக்கிற எடத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. அந்தக் கம்பெனி போயிட்டா நான் கட்டடத்த வித்துற வேண்டியதுதான். வேற வழியில்ல."

கட்டடம் கைமாறினால் பின்சுவரோரத்து இரண்டு அறையும் கைமாறும். சந்திரலேகா கேட்டது ஒன்றுதான்: கார்த்திகை ஏழு வரைக்கும் தாங்குமா?

சோமசேகரன் மறுநாளே கிளம்பிவிட்டார். நஸ்ருதீன் அனுப்பிய சுவரொட்டியில் வெள்ளைச் சட்டை போட்ட ஆணும் பெண்ணும் மரநிழலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவருக்கும் அக்குளில் வியர்வை இல்லை. அதை மாடிக்கு மாடி ஒட்டினார்.

முதல் மாடியில் இஃபாத்தின் டிராவல்ஸ். வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிற தொழில். அவர் சுவரொட்டியை நிதானமாகப் பார்த்துவிட்டு, துபாய்க்கு ஏரோப்ளேனில் அனுப்புகிறவன் கடைக்குச் சைக்கிளில் வந்தால் எவன் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுப்பான் என்று கேட்டார். இரண்டாம் மாடியில் ஆடிட்டர் அம்பலவாணன். அவர் வீடு மூன்று தெரு தள்ளி. காரில்தான் வருவார். காரை எடுத்து, திருப்பி, ஒருவழிப் பாதையில் ஊரைச் சுற்றி வந்து சேர்வதற்குள் அவர் வீட்டம்மா மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நடந்தே வந்து படியில் காத்திருப்பார். நடந்து வரலாமே என்றதற்கு, "நடந்து வந்தா காருக்கு என்ன வேலைங்கறேன்" என்றார். சோமசேகரன் அடுத்த மாடிக்கு ஏறினார்.

மூன்றாம் மாடியில் பாதிப் பேர் தரங்கம்பாடி, பொறையாறு பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களிடம் பேச்சே எடுபடவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்தைவிட இந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு. அவர்கள் வண்டி வேலைக்கு வருவதற்கு மட்டுமல்ல. வீட்டிலிருக்கிற அப்பா வண்டி, தம்பி வண்டி, மாமனார் வண்டி எல்லாவற்றுக்கும் தாகம் தீர்க்கிற குடம். சாயங்காலம் டேங்க் வழிய வழிய நிரப்பிப் போய் வாசலில் டியூப் போட்டு இறக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் சொம்போடு நிற்பார் என்று கேள்வி.

"பஸ்ல வந்தா பெட்ரோல மடியிலயா கட்டிக்கிட்டுப் போறது?" என்று மாறன் என்கிற பொறையாற்றுக்காரர் கேட்டபோது அந்த மாடியே சிரித்தது.

உள்ளூர்க்காரர்கள் பஸ் என்றதும் சனிக்கிழமையைச் சொன்னார்கள். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் பஸ்ஸில் ஏறினால் சனீஸ்வரனே வந்தாலும் நின்றுகொண்டுதான் போக வேண்டும்.

சொல்லிப் பயனில்லை என்றதும் சோமசேகரன் கொடுத்துப் பார்த்தார். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் இஞ்சி தட்டிப்போட்ட நீர்மோர் இலவசம். சந்திரலேகா அண்டாவில் கரைத்தாள். விஷ்ணுப்ரியா வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து கறிவேப்பிலை கிள்ளினாள். முதல் நாள் தகுதியுள்ளவர்கள் இரண்டு பேர். குடித்தவர்கள் எண்பத்துநான்கு. ஆடிட்டர் காரில் உட்கார்ந்தபடியே இரண்டு டம்ளர் குடித்துவிட்டு உப்பு ஒரு கல் குறைவு என்றார்.

மூன்றாவது நாள் காலி அண்டாவைக் கழுவ எடுத்த மாரிக்கண்ணு, மாடிப்படி கூட்டிப் பெருக்குகிறவள், நின்று கேட்டாள்.

"பதினோரு வருசமா காரக்காமேட்டுலேருந்து நடந்தே வர்றேன். என்னய எழுதிக்கிட்டீங்களா அதுல?"

யார் எதில் வருகிறார்கள் என்று எழுத நஸ்ருதீன் அனுப்பியிருந்த படிவத்தைச் சோமசேகரன் எடுத்துக் காட்டினார். அலுவலகப் பணியாளர்கள் என்றுதான் கட்டம் போட்டிருந்தார்கள். கூட்டுகிறவர்களுக்குக் கட்டம் இல்லை.

"அப்ப நான் பறந்து வர்றேன்னு எழுதிக்கிங்க," என்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனாள். பதினோரு வருஷம் நடந்தே வந்தவளுக்கு அண்டாவில் ஒரு வாய் மோர்கூட மிச்சமில்லை.

செப்டம்பர் கடைசி வாரம் கம்பெனியின் பணியாளர் அதிகாரி ஷஃபீனா கீழே இறங்கி வந்தாள். விஷ்ணுப்ரியாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். வாசல்படியில் உட்கார்ந்து, அங்கிள் ஏதாவது செய்யுங்கள், திருச்சிக்குப் போனால் முக்கால்வாசிப் பெண்களை வீட்டில் அனுப்ப மாட்டார்கள், என்னையும் சேர்த்து என்றாள். சொல்லிவிட்டுத் தோழியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது உதைத்தது. இருவரும் சிரித்தார்கள். சோமசேகரன் சிரிக்கவில்லை.

அன்றைக்குச் சாதத்தை வடித்துக்கொண்டே சந்திரலேகா வழி சொன்னாள்.

"நம்மூரு விழிதியூர்ல வூட்டுக்கு வூடு கவர்மெண்டு சைக்கிள் கெடக்கு. பள்ளிக்கூடத்துல குடுத்தது. ஆட்டுக்குட்டி கட்டவும் துணி காயப்போடவும்தான் வச்சிருக்காங்க. கொண்டாந்து நிறுத்துங்களேன். சிங்கப்பூர்க்காரருக்குப் போட்டோதான வேணும்?"

சோமசேகரன் அப்படியே பிரமித்து நின்றார். இப்படி ஒரு மூளையை இருபத்தெட்டு வருஷம் ரசம் வைக்க விட்டுவிட்டோமே என்று பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்டோபர் முதல் தேதி விழிதியூரிலிருந்து சரக்கு வண்டியில் முப்பத்தோரு சைக்கிள் வந்து இறங்கின. எல்லாம் ஒரே நீலம். ஒன்றில் பெடல் இல்லை. ஒன்றில் இருக்கை இருந்த இடத்தில் குருவி கூடு கட்டியிருந்தது. விஷ்ணுப்ரியா பத்தாம் வகுப்பில் வாங்கிய சைக்கிளும் அதில் இருந்தது. அதன் மட்கார்டில் அவள் ஆணியால் கீறிய பெயர் இன்னும் அழியவில்லை. சங்கிலியெல்லாம் துருப்பிடித்து, உருட்டும்போது எழுந்த சத்தத்துக்கு மூன்று தெரு நாய்களும் கூடிவிட்டன. மோட்டார் வண்டிகளைப் பின்தெருவில் மூடிக்கிடந்த அரிசி ஆலை முற்றத்தில் விட்டுக்கொள்ள, ஆலைக்காரர் அஸ்கரிடம் சொல்லி ஏற்பாடாயிற்று. எவருக்கும் வருத்தமில்லை. அங்கே நடுவில் நின்ற வண்டியைப் பதினேழை நகர்த்தாமலே எடுக்க முடிந்தது.

மாரிக்கண்ணு தினமும் சைக்கிள்களைத் துடைத்து, நேற்று நின்ற வரிசை இன்று தெரியாதபடி இடம் மாற்றி நிறுத்தினாள். மழைநாளில் டயரில் கொஞ்சம் சேறு பூச வேண்டும் என்றது அவள் யோசனை. பத்து மணிக்குப் படம் போகும். சிங்கப்பூரில் ஒருத்தர் அதைப் பார்த்து நெஞ்சு நெகிழ்வார். தலைமையகத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று ஷஃபீனா சொன்னாள். எல்லாம் ஒரே நிறமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, சீருடைச் சைக்கிள் திட்டம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்களாம். அக்டோபர் முப்பத்தொன்றில் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து ஆனது. நான்கு மாடிக்கும் கேசரி கிண்டினாள் சந்திரலேகா. விஷ்ணுப்ரியாவுக்கு முந்திரியாகப் பொறுக்கிப் போட்டாள்.

கேசரிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த நான்காம் நாள், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அளவு டேப்பும் கையுமாக ஒரு இன்ஜினியர் வந்தார். வண்டி நிறுத்துமிடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே பின்சுவரோரம் போனார். செருப்பை வெளியே விட்டு மரியாதையாகத்தான் வீட்டுக்குள் வந்தார். முதல் அறையை அளந்தார். இரண்டாவதை அளக்கப் பாயில் படுத்திருந்த விஷ்ணுப்ரியாவைக் கொஞ்சம் எழுந்து நிற்கச் சொன்னார். சமையல்கட்டுக் குழாயைத் திறந்து பார்த்தார்.

"தண்ணி லைன் இங்கதான் இருக்கு," என்று போனில் யாருக்கோ சொன்னார். "டிரெயினேஜும் இருக்கு. இதவிட நல்ல எடம் அமையாது சார்."

அரைமணி கழித்து நஸ்ருதீன் கூப்பிட்டார். அவ்வளவு மகிழ்ச்சியான குரலை சோமசேகரன் அவரிடம் கேட்டதே இல்லை. "வாப்பா இருந்திருந்தா ஒங்களக் கட்டிப் புடிச்சிருப்பாங்கண்ணே," என்றார். இத்தனை பேர் வேர்த்து விறுவிறுத்துச் சைக்கிளில் வருகிறார்கள், அவர்கள் குளித்து உடை மாற்ற இடமில்லையே என்று தலைமையகத்தில் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் எல்லாக் கட்டடத்திலும் இருக்கிறது. கட்டித்தருவதாக நஸ்ருதீன் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டாராம். டிசம்பர் ஒன்றுக்குள் திறக்க வேண்டும்.

"அந்த ரெண்டு ரூம்பு..." என்று சோமசேகரன் ஆரம்பித்தார்.

"தெரியும்ணே. வாப்பா குடுத்தது. ஆனா ஒங்களுக்கு ஊர்ல சொந்த வூடு இருக்கே. நீங்களே அங்கேருந்து சைக்கிள்ல வந்தீங்கன்னா அதுதான் பெரிய முன்மாதிரி. பதினஞ்சாந்தேதிக்குள்ள ஒழிச்சுக் குடுத்துருங்க. ஒங்க மகளுக்குப் பிரசவம்னு ஷஃபீனா சொன்னாங்க. நல்லபடியா நடக்கும், இன்ஷா அல்லாஹ்."

சோமசேகரன் வாயைத் திறந்தார். சைக்கிளில் ஒருத்தரும் வரவில்லை என்று சொன்னால் வீடு நிற்கும். ஆனால் கையெழுத்து நிற்காது, கம்பெனி நிற்காது, கம்பெனி போனால் கட்டடம் நிற்காது, கட்டடம் விற்றால் வீடும் நிற்காது. எந்தப் பக்கம் சுற்றினாலும் வீடு போகிற பக்கத்திலேயே வந்து முடிந்தது. கப்பலில் கொதிக்கிற குழம்பையே பார்த்துச் சொல்கிற மனுஷனுக்கு அன்றைக்கு ஒரு பொய்கூட வரவில்லை. "சரிங்க தம்பி," என்றார். போன் அணைந்த பிறகும் காதிலேயே வைத்திருந்தார்.

அடுத்த நாள் மேலே போய் ஷஃபீனாவிடம் சொன்னார். அவள் கண் கலங்கிற்று. "நான் என்ன செய்யட்டும் அங்கிள்? இப்ப உண்மையச் சொன்னா அறுபது பேரையும் சேத்துக் கவுத்த மாதிரி ஆயிடும்," என்றாள். அறுபது பேரும் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாறன் மட்டும் எழுந்து வந்து, அண்ணே சாமான் ஏத்த ஆள் வேணும்னா சொல்லுங்க என்றார். இஃபாத் தன் கடைக்குப் பின்னால் உள்ள அட்டைப்பெட்டி அறையைக் காட்டினார். அதில் ஆள் நிற்கலாம், படுக்க முடியாது. ஆடிட்டர் சட்டப்படி என்ன செய்யலாம் என்று யோசித்து, சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது என்று தெளிவாகச் சொன்னார்.

விழிதியூரிலிருந்த சொந்த வீடு ஒன்றரை அறை. போன புயலில் பறந்த தகரத்துக்குப் பதில் தார்ப்பாய். ஐப்பசி பாதிக்கு மேல் ஆகிவிட்டது. வயலும் தெருவும் ஒன்றாகி, வாசல்படியில் நின்றால் காலில் கெண்டை மீன் இடிக்கிற மழை. பஸ் வருகிற பாதையிலேயே முழங்கால் தண்ணீர். அந்த வீட்டுக்கு நிறைமாதக்காரியைக் கூட்டிப்போவதா என்று சந்திரலேகா கேட்கவும் இல்லை. இரண்டு நாள் சாமான் கட்டினாள். மூன்றாம் நாள், "சைக்கிள் யோசன சொன்ன வாயில சூடுதான் போட்டுக்கணும்," என்றாள். அவ்வளவுதான்.

பதினான்காம் தேதி கோட்டுச்சேரிச் சம்பந்தியம்மாள் சொர்ணாம்பாள் ஆட்டோவில் வந்தார். வந்தவர் ஒரு வார்த்தை குத்தலாகப் பேசியிருந்தால் சந்திரலேகாவுக்கு அழுதுவிடச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து காப்பியை முழுக்கக் குடித்தார்.

"பரவால்ல சம்பந்தி. எங்க வூடும் வூடுதான. மாடி ரூம்ப ஒழிச்சுட்டேன்."

"தலப்பிரசவம்ங்க," என்றாள் சந்திரலேகா.

"தெரியாதா எனக்கு. காலம் அப்படி. நாலு பேரு கேட்டா டாக்டரு கோட்டுச்சேரியில இருக்காங்கன்னு சொல்லிக்கிறேன்."

சந்திரலேகா உள்ளே போய்ப் பழந்துணி மூட்டையையும் மருந்துச் சாமான் டப்பாவையும் எடுத்து வந்து சம்பந்தியம்மாளின் கையில் கொடுத்தாள். கண்டந்திப்பிலியை வறுக்கும்போது தீ அதிகம் கூடாது, லேகியம் கசந்துபோகும் என்று சொன்னாள். அவர் நான்கு பிள்ளை பெற்றவர். ஆனாலும் சரி சரி என்று புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். விஷ்ணுப்ரியா ஆட்டோவில் ஏறுமுன் அப்பாவிடம், "சைக்கிள்ல பாத்துப் போப்பா. பிரேக்கு புடிக்காது," என்றாள்.

அப்படித்தான் சோமசேகரன் சைக்கிள்காரர் ஆனார். மகளின் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, விழிதியூரிலிருந்து நிரவி வழியாகக் காரைக்காலுக்கு, எதிர்க்காற்றில், ஐம்பத்தாறு வயதில். முதல் வாரம் மாடுகள் அவரைத் தாண்டிப் போயின. இரண்டாவது வாரம் மாடுகளை அவர் தாண்டினார், அதையே ஒரு பந்தயம் போல மாடிக்கு மாடி சொன்னார். முன்னைப்போல யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் அது பாதியிலேயே நின்றுபோயிற்று. பின்சுவரோரத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்கிற நேரங்களில் ஆலை முற்றத்துக்குப் போய் நின்றுகொள்வார்.

கார்த்திகை ஏழும் போயிற்று. குழந்தை அவசரப்படவில்லை. இன்ஜினியர்தான் அவசரப்பட்டார். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வேலை முடிந்துவிட்டது. தரையிலிருந்து கூரைவரை வெள்ளை ஓடு, பூவாளிக் குழாய், உடைமாற்றும் தடுப்பு, வாசலில் 'மிதிவண்டியில் வருவோர்க்கு மட்டும்' என்று பலகை. நஸ்ருதீன் போன் போட்டு, முதல் ஆள் குளித்துவிட்டு வெளியே வருகிற படம் வேண்டும், தலைமையகத்தில் கேட்கிறார்கள் என்றார். முப்பத்தோரு சைக்கிளும் வரிசையாக நின்றன. குளிப்பதற்குத்தான் ஆள் இல்லை. மாறனைக் கேட்டதற்கு அவர் வீட்டிலேயே குளித்துவிட்டு வந்திருந்தார். எல்லோருமே வீட்டில் குளித்துவிட்டு வருகிறவர்கள்தான். காரைக்காலில் குளிக்காமல் வாசல் தாண்டுகிறவர் யார்?

ஆக, அன்றைக்கு மழையில் நனைந்து சேறும் வியர்வையுமாக வந்து சேர்ந்த ஒரே சைக்கிள்காரரான சோமசேகரன் போனை மாரிக்கண்ணுவிடம் கொடுத்து, வெளியே வரும்போது படம் எடுக்கச் சொல்லிவிட்டு, துண்டோடு உள்ளே போனார்.

பூவாளிக்குக் கீழே நின்ற பிறகுதான் இடம் புரிந்தது. சந்திரலேகாவின் அடுப்பு இருந்த இடம். தலைக்கு மேலே, ஓடு ஒட்டியவன் பிடுங்கச் சோம்பிச் சுற்றிவர வெட்டிவிட்டுப் போன அதே காலண்டர் ஆணி. துண்டை அதில் மாட்டினார். தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டார். குழாயைத் திருகினார். சொட்டுச் சொட்டாக நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. தினமும் எட்டு மணிக்குத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுகிறவர் அவர். இன்றைக்கு மழையில் தாமதம். போடவில்லை.

"மாரிக்கண்ணு, மோட்டார் சுச்ச போடு" என்று கதவைத் தட்டிக் கூப்பிட்டார்.

வெளியே அவர் போன் மணி அடிப்பது கேட்டது. மாரிக்கண்ணு யாரிடமோ பேசினாள். பிறகு கதவருகே வந்தாள்.

"சம்பந்தியம்மா பேசுனாங்க. பேத்தி பொறந்திருக்காளாம். ரெண்டு உசுரும் சொகமாம்." போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஒங்க வூட்டம்மாவுக்கு நீங்கதான் சொல்லணுமாம். அங்க போன் எடுக்கலையாம்."

"மோட்டார போடு."

"கரண்டு இல்லண்ணே. மழைக்குப் போயிருச்சு. லைன்காரரு வரணும்."

சோமசேகரன் சோப்போடு நின்றார். கண் எரிந்தது. கையை நீட்டித் துண்டைத் தேடினார், பிறகு நுரையோடு எப்படி உடுத்துவது என்று விட்டுவிட்டார். கதவுக்கு வெளியே மாரிக்கண்ணு போனைப் பிடித்தபடியே நின்றாள். உள்ளே அவர், அடுப்பு இருந்த இடத்திலிருந்து ஒரு எட்டு தள்ளி, மகளுக்குப் பாய் விரித்திருந்த பக்கம் நகர்ந்து, தண்ணீர் வருமா என்று மேலே பார்த்துக்கொண்டே நின்றார்.